வேம்படி மில்லின் மதிலோரம்

கோவை சிங்காநல்லூரில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், பங்குச் சந்தையைப் பயிற்றுவிக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். அமராவதி என்பது அவர் பெயர். வயது நாற்பத்துநான்கு. அவரிடம் பயின்ற பதினொருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அனைவரும் அவரினும் மூத்தவர்கள். அவர்கள் அவரை அம்மணி என்றார்கள். அவர் அவர்களை அண்ணா என்றார். ஆயினும் அவர் பேசத் தொடங்கினால் பதினொருவரும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிடுவார்கள்.

எந்தப் பங்கை வாங்கலாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எதை விற்கலாம் என்றும் சொன்னதில்லை.

அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கரும்பலகையின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் 'நான் கண்டது' என்று எழுதியிருக்கும். வலப்பக்கம் 'பிறர் சொன்னது'. ஐயம் கேட்க வருபவர், தாம் கேட்க விரும்பும் பங்கைப் பற்றித் தமக்குத் தெரிந்தவை அனைத்தையும் அந்த இரு பக்கங்களிலும் பிரித்து எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பலர் எழுதி முடித்ததும், கேள்வியைக் கேளாமலே இருக்கைக்குத் திரும்பிவிடுவார்கள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால் மணி.

வேம்படி மில்லின் பங்கு விழுந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் மாலையில் அதன் விலை இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். இப்போது நூற்றெண்பத்துநான்கு. மில் மூடப்பட்டுவிட்டது என்று எல்லாருடைய கைப்பேசியிலும் ஒரே செய்தி வந்திருந்தது.

மாணவர்களுள் ஒருவரான ஆறுச்சாமி, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் அந்தப் பங்கு இருநூறு இருந்தது. விலை நூற்றுத் தொண்ணூற்றொன்றாக இருந்தபோதே விற்றுவிட்டார். விற்றபின் அவருக்குப் பேச்சு மிகுந்திருந்தது.

"ஏப்பா நஞ்சப்பா, இன்னும் என்ன ரோசனை? உக்காந்து சாமி கும்புடறியா?"

"கை நடுங்குதப்பா."

"நடுங்கற கையிலயே அமுத்து. பட்டன் ஒண்ணும் கோவிச்சுக்காது."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவரிடம் இருந்தவை பதினாறாயிரம் பங்குகள்.

அவர் முப்பத்தாறு ஆண்டுகள் நூற்பாலையில் வேலை பார்த்தவர். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் ஸ்பின்னிங் மாஸ்டர். அவர் இருந்த மில்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மூடினார்கள். அப்போது கைக்கு வந்த பணம் முழுவதையும் வேம்படிப் பங்கில் போட்டார். நேற்று மாலை அது இருமடங்குக்கும் மேலாக வளர்ந்து, சரியாக ஒரு வீட்டின் விலையில் வந்து நின்றது. அவரும் அவர் மனைவி துளசிமணியும் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருக்கும் வீடு அது. உரிமையாளர் அதை விற்க முடிவுசெய்து, முதல் உரிமையை அவர்களுக்கே கொடுத்திருந்தார். தை பிறப்பதற்குள் பத்திரம் முடிக்க வேண்டும். தவறினால் வீடு வேறொருவருக்கு.

ஒரே நாளில் இருபது சதவீதத்துக்குமேல் அந்தப் பங்கு விழச் சந்தை விதி இடங்கொடாது. நூற்றெழுபதை ஒட்டி வந்ததும் விலை நின்றுவிடும். அப்படி நின்றபின் விற்க ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். வாங்க ஒருவரும் வரமாட்டார். நஞ்சப்பன் அதை அறிந்திருந்தார்.

அவர் எழுந்து ஆசிரியரிடம் போனார்.

"அம்மணி, விக்கட்டுங்களா, வேண்டாங்களா?"

அமராவதி சாக்குக்கட்டியை நீட்டினார்.

"எழுதுங்கண்ணா."

"இப்பவுங்களா? நிமிசத்துக்கு ஒரு ரூவா எறங்குதுங்க."

"அப்ப வெரசா எழுதுங்க."

நஞ்சப்பன் வலப்பக்கத்தில் எழுதினார். மில் மூடப்பட்டது. வாயிற்கதவு பூட்டப்பட்டது. வங்கிக்காரர்கள் வரப்போகிறார்கள். முதலாளியின் மகன் துபாய்க்குப் போய்விட்டான்.

"மில்லு மூடினது யார் சொன்னதுங்க?"

"வாட்சப்புல வந்துச்சுங்க."

"மகன் துபாய் போனது?"

"அது ஆறுச்சாமி சொன்னானுங்க."

அமராவதி திரும்பினார். "ஆறுச்சாமியண்ணா?"

"என்ர மச்சான் சொன்னாருங்க."

"மச்சானுக்கு?"

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். "அவருக்கும் வாட்சப்புதானுங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார். அந்த இருமலில் சிரிப்பு இருந்தது.

"இந்தப் பக்கம் எழுதுங்கண்ணா" என்றார் அமராவதி.

நஞ்சப்பன் இடப்பக்கத்தின் முன் நின்றார். சற்று யோசித்து, 'நேற்று 212, இன்று 184' என்று எழுதினார்.

"இத நான் என்ர கண்ணாலயே பாத்தனுங்க."

அமராவதி அருகில் வந்து அதைத் தம் விரல்களாலேயே அழித்தார். அதே எண்களைக் கோட்டுக்கு வலப்பக்கத்தில் எழுதினார்.

"அது மில்லப் பத்தி மத்தவங்க சொல்றதுங்கண்ணா. வாயால சொல்லாம வெலையில சொல்றாங்க."

இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. நஞ்சப்பன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாக்குக்கட்டி அவர் விரலிடையே பொடிந்தது.

"மில்லு எங்கீங்க இருக்குது?"

"சூலூர் தாண்டிங்க. திருச்சி ரோட்டுல."

"போயி எத்தன நாளாச்சு?"

"பங்கு வாங்கின வருசம் ஒருக்காப் போனனுங்க. அப்பறம் போகல."

அமராவதி ஸ்கூட்டர்ச் சாவியையும் தலைக்கவசத்தையும் எடுத்தார்.

"அம்மணி, நாம போய்ச் சேர்றதுக்குள்ள நூத்தியெழுவதத் தொட்டுருச்சுன்னா விக்கவே முடியாதுங்க."

"ஆமாங்க."

"வீடு போயிருமுங்க."

"போனாலும் போகுமுங்க."

"அப்ப வித்துப்போட்டுப் போலாமுங்களா?"

"அது உங்க இஷ்டமுங்கண்ணா. பங்கு உங்களுது, வீடும் உங்களுது. நான் மில்லப் பாத்துட்டு வர்றேன்."

அவர் படியிறங்கிவிட்டார். நஞ்சப்பன் கைப்பேசியைப் பார்த்தார். நூற்றெண்பத்திரண்டு. படியைப் பார்த்தார். மறுபடியும் கைப்பேசியைப் பார்த்தார். நூற்றெண்பத்தொன்று. பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

கீழே அமராவதி வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"செல்போன டிக்கியில போடுங்க."

"ஏனுங்க?"

"பின்னால உக்காந்து அதப் பாத்துட்டே வந்தீங்கன்னா வண்டி ஆடுமுங்க."

மாடிச் சன்னலிலிருந்து ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார்.

"நஞ்சப்பா, பங்குதான் உழுகுது. நீயாவது உழுகாம உக்காரு!"

சூலூர்ச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. நஞ்சப்பன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"அம்மணி, உங்களுக்கெல்லாம் பயமே வராதுங்களா?"

"வருமுங்க."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பச்ச உழுந்துருச்சுங்கண்ணா. கால உள்ள வெயிங்க."

பதினொன்றுக்குச் சற்று முன்பு அவர்கள் வேம்படி மில்லை அடைந்தார்கள். நெடுஞ்சாலையை நோக்கிய பெரிய இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அதன் நடுவே சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

நஞ்சப்பன் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

"பூட்டியிருக்குதுங்க அம்மணி."

"இருக்குதுங்க."

"பின்ன, வாட்சப்புல வந்தது நெசந்தானுங்க."

அமராவதி கதவை ஒட்டி வலப்புறமாகச் செல்லும் மண்பாதையில் வண்டியைத் திருப்பி, மில்லின் நெடிய மதிலோரமாகச் சிறிது தூரம் ஓட்டிச்சென்று நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார்.

"இங்கிருந்து உங்களுக்கு என்னங்க தெரியுது?"

"செவுரு தெரியுதுங்க."

"அப்பறம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் நஞ்சப்பன் வாயெடுத்தார். சொல்லவில்லை. அவர் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டியிலிருந்து இறங்கினார். மதிலுக்கு அருகில் போனார். உள்ளே இரண்டு நீண்ட ஷெட்டுகளின் கூரைகள் தெரிந்தன. வடக்கு ஷெட்டின் பக்கவாட்டுத் துவாரங்களிலிருந்து ஓர் இரைச்சல் மதிலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்த காலத்தில் நாள்தோறும் அப்படித்தான் நடந்திருப்பார் போலும்.

"ஓடுதுங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "வடக்கு ஷெட்டு ஓடுதுங்க. பூராவும் ஓடுது."

பிறகு தம் நெற்றியில் தாமே அறைந்துகொண்டார்.

"மில்லு கேட்ட எந்தக் காலத்துலீங்க தொறந்து போட்டிருக்கறாங்க? ஷிப்டு மாறறப்பத்தான் தொறப்பாங்க. முப்பத்தாறு வருசம் பூட்டின கேட்டுக்குள்ளயே இருந்தவன் நானு. பூட்டப் பாத்துப் பயந்துட்டனுங்களே!"

அமராவதி சிரித்தார். நஞ்சப்பன் விரலை உயர்த்தினார். அது தம் ஆசிரியரையே அடக்கும் விரல் என்பதை அவர் உணரவில்லை.

"இருங்க. நூல் சுத்தற மிசினு ஒண்ணு, ஒரு ஃபிரேம், இப்ப நின்னுருச்சு."

அமராவதி காத்திருந்தார்.

"நூலு நெறஞ்சிருக்கும். நூல் சுத்தின கட்டயக் கழட்டிட்டு வெறுங்கட்ட மாட்டறாங்க. ஆளுக்குச் சம்பளம் ஒழுங்காப் போகலீன்னா இது பத்து நிமிசம் இழுக்கும். பேசிக்கிட்டே மாட்டுவாங்க."

அவர் கண்களை மூடிக்கொண்டார். மதிலோரம் ஓர் ஓணான் ஓடியது. நெடுஞ்சாலையில் லாரிகள் போயின.

"மறுக்கா ஓட ஆரம்பிச்சுருச்சுங்க. மூணு நிமிசம். நல்ல கைகளுங்க."

அப்போது அமராவதியின் கைப்பேசி ஒலித்தது. ஆறுச்சாமி. அமராவதி அதை நஞ்சப்பனிடம் கொடுத்தார்.

"நூத்தி எழுவத்தி நாலு! டிக்கியத் தொறந்து செல்ல எடுடா!"

"ஏப்பா, வெய்யி. நீ கத்தற கத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தெற்கு ஷெட்டை நோக்கி மதிலோரமாக நடந்தார். நடக்க நடக்க அவர் முகம் வாடியது. அங்கே இரைச்சல் இல்லை.

"இந்த ஷெட்டு நிக்குதுங்க."

"மில்லுல எவ்வளவுங்க இது?"

"பாதி மில்லுங்க."

நஞ்சப்பன் மதிலில் உள்ளங்கையை வைத்தார். சிறிது நேரத்துக்குப் பிறகு காதையும் வைத்தார். அப்படியே நின்றார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை அமராவதி கேட்கவில்லை. நின்றுபோன மில்லின் அமைதியை நஞ்சப்பன் முன்பே ஒருமுறை கேட்டவர்.

"யாருங்க அது, செவுத்துல காத வெச்சுட்டு?"

தடியுடன் காவலாளி வந்துகொண்டிருந்தார்.

"பாட்டுக் கேக்கறனுங்க" என்றார் நஞ்சப்பன், காதை எடுக்காமலே.

"இங்க என்னங்க பாட்டு?"

"வருது, இருங்க."

காவலாளி அமராவதியைப் பார்த்தார். அமராவதி அவரை நோக்கிப் பணிவாகத் தலையசைத்தார். உச்சி வெயிலில் மதிலைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் ஆளையும், அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் ஓர் அம்மையாரையும் என்ன சொல்லி விரட்டுவது என்று காவலாளிக்கு விளங்கவில்லை. அவரும் நின்றார்.

டொக். டொக். ஓர் இடைவெளி. டொக்.

நஞ்சப்பன் நிமிர்ந்தார். மூக்கை உயர்த்தி மோந்தார். இன்னும் நான்கடி நடந்து, மதில் சற்றே தாழ்ந்த இடத்தில் நின்று மறுபடியும் மோந்தார்.

"அம்மணி, எண்ண வாசம் வருதுங்களா?"

"ஏதோ வருதுங்க."

"கதிர் எண்ணங்க. நூல் சுத்துற கதிருக்கு அடியில ஊத்தற எண்ண. பழச வடிச்செடுத்துட்டுப் புதுசு ஊத்தறாங்க. மரச் சுத்தியல்ல தட்டறாங்க பாருங்க, ஒவ்வொரு கதிரா நேர் பாக்கறாங்க. ஷெட்ட மூடலீங்க. பிரிச்சு வேல பாக்கறாங்க. இந்த ஷெட்டு நிக்கறத எவனோ பாத்துப்போட்டு மில்லே நின்னுபோச்சுன்னு கட்டி விட்டுட்டான்."

காவலாளியின் முகத்தில் வியப்புத் தோன்றியது. அதை மறைப்பதற்காக அவர் வேறு பக்கம் திரும்பினார்.

"அதுல என்னங்கண்ணா உறுதி?" என்றார் அமராவதி. "மூடப்போற மில்லுல இந்த வேலையச் செய்ய மாட்டாங்களா?"

நஞ்சப்பன் திரும்பினார்.

"எங்க மில்லு மூடறதுக்கு எட்டு மாசம் முன்னாலயே கதிருக்கு எண்ண மாத்தறத நிறுத்திப்போட்டாங்க. ஒவ்வொரு மாசமும் நான் போயிக் கேப்பேன். அடுத்த மாசம் பாக்கலாம் மாஸ்டர்னு சொல்லுவாங்க. கதிரெல்லாம் கிறீச்சுன்னு அழுவ ஆரம்பிச்சுருச்சுங்க. அந்தச் சத்தம் எனக்கு மட்டுந்தான் கேட்டுது. ஊட்டுல போயித் துளசிமணிகிட்டச் சொன்னேன், மில்லு போச்சுன்னு. ஆரும் நம்பல."

அவர் மதிலை ஒருமுறை தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பவர்போல.

"இது அழுவல."

அமராவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடம் சொல்லும்போது பதினொருவரும் அவரைப் பார்க்கும் பார்வை அது. இப்போது அது அவர் கண்களில் இருந்தது.

கைப்பேசி மறுபடியும் ஒலித்தது.

"நஞ்சப்பா, நூத்தி எழுவத்தொண்ணு. இதுதான் கடசி. இப்ப அமுத்தலீன்னா அப்பறம் நீயே நெனச்சாலும் அமுத்த முடியாது."

"வேண்டாம்ப்பா."

"கேட்டு பூட்டியிருக்குதா, இல்லியா?"

"பூட்டியிருக்குது."

"பின்ன?"

"பூட்டித்தான் இருக்கும்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? வீட்டுக்கு என்ன பண்ணுவ?"

நஞ்சப்பன் கைப்பேசியை மற்றொரு காதுக்கு மாற்றினார்.

"பங்கு எப்ப மேல வரும்னு எனக்குத் தெரியாதப்பா. தைக்குள்ள வராமயே போகலாம். வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு மாசம் தவண கேப்பேன். குடுக்கலீன்னா நானும் துளசிமணியும் வேற வீடு பாத்துக்கறோம். ஓடற மில்ல நின்னுபோச்சுன்னு சொல்லி விக்கறதுக்கு என்னால ஆகாது. நீ போன வெய்யி."

சற்று நேரத்தில் ஆறுச்சாமியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. விலை அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிட்டது. அமராவதி அதை நஞ்சப்பனிடம் காட்டினார். நஞ்சப்பன் படித்தார்.

"நின்னுட்டுப் போகட்டுமுங்க."

காவலாளி கேட்டார், "மாஸ்டருங்களா நீங்க?"

"இருந்தனுங்க."

"வெயில்ல நிக்கறீங்களே. தண்ணி வேணுங்களா?"

அவர் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை இருவரும் குடித்தார்கள். நஞ்சப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டார். வண்டியருகே வந்தபோதுதான் அவருக்கு அது தோன்றியது.

"அம்மணி, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"என்ர எடத்துல நீங்க இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உங்க எடத்துலதானுங்க இருந்தேன். எங்கிட்டயும் வேம்படிப் பங்கு இருந்துதுங்க."

"இருந்துதுன்னா?"

"காலையில ஒம்பதே முக்காலுக்கு வித்துட்டேன்."

நஞ்சப்பன் வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"மொத்தமுங்களா?"

"மொத்தமும்."

"அத ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னங்கண்ணா பண்ணியிருப்பீங்க?"

நஞ்சப்பன் நேர்மையானவர். யோசித்துத்தான் சொன்னார்.

"அந்த நிமிசமே வித்திருப்பனுங்க."

அமராவதி தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, அதன் வாரை மாட்டினார்.

"செரிங்க, போனது போகட்டும்" என்றார் நஞ்சப்பன். ஆசிரியருக்கு உதவக் கிடைத்த வாய்ப்பு அவர் குரலை உயர்த்தியது. "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுங்களே. இப்பவே மறுக்காவும் வாங்கிப்போடுங்க அம்மணி. காலையில வித்த வெலையவிட ரொம்பக் கொறச்சலாக் கெடைக்கும்."

அமராவதி மதிலைப் பார்த்தார். வடக்கு ஷெட் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்க சொல்றது எனக்கு வலப்பக்கத்துல எழுதறதுங்க. நானும் இதே செவுத்தோரம் உங்க பக்கத்துலயேதானுங்க நின்னேன். எனக்கு வெறும் எரச்சல் மட்டுந்தான் கேட்டுது."